தங்கவயலைத் தேடிப் போலீஸ் கோப்புக்குள்

என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1930-இல் கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதைக் காகிதத்தில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பெங்களூரில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

உள்ளே நுழைவது எளிதாகத்தான் இருந்தது. பேராசிரியர் ஒருவரிடம் வாங்கிய அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் போதுமாக இருந்தன. தேடுவதில்தான் ஒரு வாரம் வீணாயிற்று. அட்டவணையில் 'தொழிலாளர்', 'சங்கம்', 'சோஷலிசம்' என்று துழாவிக்கொண்டே இருந்தேன். உருப்படியாக எதுவும் அகப்படவில்லை. கோப்பு எடுத்துத் தரும் ஊழியர்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "சார், போலீஸ் தலைப்பில் பாருங்கள்."

அவர் சொன்னது சரி. தங்கவயல் அன்று மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. சுரங்கங்களை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். வேலைநிறுத்தம் என்றாலே அரசுக்கு அது ஒழுங்குப் பிரச்சினை. ஆகவே கலவரம், தூண்டிவிடுவோர், வெளியாட்கள் என்று தேடினேன். அவர்கள் நம்மை எந்தப் பெயரில் எழுதிவைத்தார்களோ, அந்தப் பெயரில் தேடினால்தான் நாம் கிடைக்கிறோம். கசப்பான வேலை இது. தேடப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மைசூர் ரெசிடென்சி, அதாவது சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி அலுவலகத்தின் கோப்புகள், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் அபிலேக் படல் இணையதளத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பினால் நாலு நாள் மிச்சமாகும்.

எனக்குக் கிடைத்த கோப்புக் கட்டுக்குள் இருந்த ஒரு தாளை மறக்க முடியவில்லை. தொழிலாளர்களிடையே பரவிய தமிழ்த் துண்டறிக்கை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மூல அறிக்கை இணைப்பில் இருப்பதாகக் குறிப்பு. இணைப்பைக் காணவில்லை. குண்டூசி குத்திய இடத்தில் இரண்டு துருப்புள்ளிகள் மட்டும் இருந்தன. எங்கள் ஆட்கள் தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் 'ரேகைச் சட்டம்' என்றாலே, சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டம்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பாறை குடைந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். விரலில் மை தடவச் சொன்னபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எந்த அதிகாரியும் எழுதிவைக்கவில்லை.

1946-ஆம் ஆண்டுக் கோப்பு மூன்று தடவை "இல்லை" என்று திரும்பி வந்தது. நான்காவது தடவை வேறொரு கட்டுக்குள் கிடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். கோப்பில் கைதானவர்களின் பட்டியல் இருந்தது. ஒரே ஆளின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் மாறியது. எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறார். முழுவதையும் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டு, தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன்.

தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு எதிரே, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் ஒரு பெரியவர். துப்பாக்கிச்சூடு நடந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பட்டியலை மெதுவாக வாசித்தேன். ஏழாவது பெயரில் கையமர்த்தினார்.

"அப்படி ஒரு பெயரே கிடையாது, தம்பி. அது எங்கள் பின் லைன் ஆள். பென்சிலை இப்படிக் கொடு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் நோட்டில் ஆங்கிலப் பெயருக்கு எதிரே தமிழில் எழுத ஆரம்பித்தார்.