டெக்கீலா, கம்பாரி, கிரேப்ஃபுரூட்: ஐந்தாவது முறையில் பிடிபட்ட கசப்பு

எனக்குக் கசப்பு பிடிக்கும். பாகற்காய் வறுவலில் கொஞ்சமாவது கசப்பு நின்றால்தான் சோறு இறங்கும். அதனால் ஒரு நண்பரின் பிறந்தநாள் விருந்தில் டெக்கீலா, கம்பாரி, கிரேப்ஃபுரூட் சாறு மூன்றும் சேர்ந்த காக்டெயிலைக் குடித்ததிலிருந்து, அதைச் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டில் நானே கலக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரே நினைப்பு. மூன்று வாரம், சனிக்கிழமைக்கு ஒன்றோ இரண்டோ கிளாஸ். ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது.

முதலில் போத்தல்கள். இங்கே மது விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலால் வரி ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 700 மில்லி போத்தலில் 40 விழுக்காடு என்றால் 280 மில்லி ஆல்கஹால். வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு. அதற்கு மேல் பொருள் சேவை வரி வேறு. அவ்வளவு கொடுத்து வாங்கும்போது லேபிளில் 100 விழுக்காடு அகாவே (டெக்கீலா காய்ச்சும் மெக்சிகோச் செடி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. அப்படிப் போடாத டெக்கீலாவில் 51 விழுக்காடு சர்க்கரை அகாவேயிலிருந்து வந்தாலே போதும், மீதி வேறு எதிலிருந்தும் வரலாம். நான் எடுத்தது மரப்பீப்பாயில் ஊறாத வெள்ளை டெக்கீலா, அதாவது பிளாங்கோ. கம்பாரி இத்தாலியச் சரக்கு, 1860ல் நோவாரா ஊரில் தொடங்கியது. சிவப்பு நிறம், ஆரஞ்சுத் தோல் வாசம், குடித்து முடித்த பிறகும் அடிநாக்கில் நிற்கும் கசப்பு.

முதல் சனிக்கிழமை போட்ட கணக்கு: டெக்கீலா 45 மில்லி, கம்பாரி 15, கிரேப்ஃபுரூட் சாறு 30, எலுமிச்சைச் சாறு 15, சீனிப்பாகு 15. பாகுக்குச் சீனியும் தண்ணீரும் சம அளவு. ஷேக்கர் இல்லாததால் கழுவி வைத்திருந்த ஊறுகாய்ப் போத்தலில் ஐஸ் போட்டுக் குலுக்கினேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் பெருங்காயம். போத்தலை எத்தனை முறை கழுவினாலும் மூடிக்குள் இருக்கும் ரப்பரில் வாசம் தங்கிவிடுகிறது. அடுத்த நாளே ஒரு எவர்சில்வர் ஷேக்கர் வாங்கிவிட்டேன்.

வாசத்தை விடுங்கள், கசப்பும் தாங்க முடியவில்லை. சரி, இனிப்பு போதவில்லை போல என்று இரண்டாவது முறை பாகை 25 மில்லி ஆக்கினேன். இருமல் மருந்து மாதிரி இருந்தது. மேலே இனிப்பு, அடியில் அதே கசப்பு, இரண்டும் ஒட்டவே இல்லை. மூன்றாவது முறை வெள்ளைச் சீனிக்குப் பதில் குலா மெலாகா, அதாவது தென்னை வெல்லப் பாகு. தேங்காய்ப்பால் இனிப்பான செண்டோலில் அதற்கு ஈடு கிடையாது, ஆனால் இங்கே அதன் புகை மணம் பழத்தின் மணத்தை அப்படியே மூடிவிட்டது. கம்பாரியின் சிவப்பும் குழம்பிப்போய், கிளாஸைப் பார்த்தால் நீர்த்துப்போன புளிக்கரைசல் நிறம்.

அந்த இரவு தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று புரிந்தது. நான் அடக்கப் பார்த்தது கம்பாரியின் கசப்பை இல்லை. இந்தக் கிளாஸில் இரண்டு கசப்பு இருக்கிறது. கம்பாரியின் கசப்பு மெதுவாக வரும், வாசத்தோடு வரும், அதற்காகத்தான் இதைக் குடிக்கிறோம். இன்னொன்று பழத்திலிருந்து வருவது: நாக்கு நுனியிலேயே பிடித்து வாயை வறட்டிவிடும். நான் பாதிப் பழத்தை இரும்புப் பிழிவானில் வைத்து, கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன். தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் அந்த வெள்ளைப் பஞ்சில்தான் நாரிஞ்சின் என்ற கசப்புப் பொருள் நிறைய இருக்கிறது. முறுக்க முறுக்க அதுவும் சாற்றோடு இறங்கியிருக்கிறது.

அடுத்த வாரம் தேக்கா சந்தைக்குப் போனபோது ஒரு கடையில் பம்ளிமாஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் வழி தோன்றியது. பம்ளிமாஸை யாரும் பிழிவதில்லையே, தோலியைக் கிழித்துச் சுளையாகத்தானே எடுக்கிறோம். கிரேப்ஃபுரூட்டும் அந்த வம்சம்தான். நம் தென்கிழக்காசியப் பம்ளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து கரீபியன் தீவான பார்படோஸில் பிறந்த பழம் அது.

வீட்டுக்கு வந்து சிவப்புச் சதை உள்ள கிரேப்ஃபுரூட் ஒன்றைக் கத்தியால் தோல், வெள்ளைப் பஞ்சு எல்லாம் போகச் சீவினேன். ஒவ்வொரு சுளையையும் தோலிக்கு இடையிலிருந்து வெட்டி எடுத்து, தேநீர் வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் லேசாக அழுத்தினேன். சிவப்பு முத்துகள் ஒவ்வொன்றாக உடைந்து இளஞ்சிவப்புச் சாறு இறங்கியது. சாறு முன்பைவிடக் குறைவுதான், ஆனால் ஒரு கரண்டி தனியாகக் குடித்துப் பார்த்தபோது இனிப்பும் புளிப்பும் முதலில் வந்து, கசப்பு கடைசியில் தொட்டுவிட்டுப் போனது. மூன்று வாரமாகத் தேடியது இதைத்தான்.

நான்காவது கிளாஸ் அந்தச் சாற்றில். நன்றாகவே இருந்தது, ஆனால் தொண்டையில் ஒரு முரட்டுத்தனம் மிச்சம். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "பாகற்காய்க்கு உப்புப் போட்டுப் பிசறி வைக்கிறோமே, இதுக்கும் உப்புப் போட்டுப் பாருங்களேன்" என்றாள். பாகற்காயில் உப்பு கசப்பு நீரையே வெளியே இழுக்கிறது; இங்கே அப்படி எதுவும் வெளியேறாது. ஆனால் உப்பு நாக்கில் பட்டால் கசப்பு மட்டுப்படும் என்பது உண்மை. ஒரு தேக்கரண்டி உப்பை நான்கு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, அதில் நான்கே சொட்டு விட்டேன். உப்புக் கரிக்கவில்லை. முரட்டுத்தனம் இறங்கி, அகாவேயின் பச்சை மணம் அப்போதுதான் மேலே வந்தது. ஐந்தாவது கிளாஸ் அதுதான். அவள் சொல்லியிருக்காவிட்டால் நான் மறுபடியும் சீனிப்பக்கம்தான் போயிருப்பேன்.

கடைசியாக நின்ற அளவு: டெக்கீலா 45 மில்லி, கம்பாரி 15, சுளைச்சாறு 30, எலுமிச்சை 15, பாகு 10, உப்புத் தண்ணீர் நான்கு சொட்டு. சாறு அன்றன்று எடுத்ததாக இருக்க வேண்டும். முந்தின நாள் சாற்றில் கசப்பு ஏறியிருந்தது. நம் ஊர்ச் சூட்டில் ஐஸ் மேசைமேல் ஐந்து நிமிடம் இருந்தாலே வியர்த்துவிடும், அந்தத் தண்ணீரும் கிளாஸில் சேரும். அதனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஷேக்கரில் போட்டு, பன்னிரண்டு எண்ணும் வரை குலுக்கினால் போதும். கிளாஸையும் அரை மணி நேரம் முன்பே உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன்.

மறுநாள் அக்கா வந்திருந்தாள். "தம்பி, எனக்கும் ஒரு கிளாஸ் போடேன்" என்றதும் பழத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அவள் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுவது ஞாபகம் வந்தது. கைப்பையிலிருந்து வாங்கிப் பார்த்தால் சிம்வாஸ்டாட்டின். அதோடு கிரேப்ஃபுரூட் சேரக் கூடாது. குடலில் அந்த மருந்தை உடைக்கும் என்சைமை இந்தப் பழம் தடுத்துவிடுவதால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பம்ளிமாஸும் அப்படிச் செய்யக்கூடியதுதான். வேறு சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும் என்பதால், விருந்தாளிக்குக் கலக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அக்காவுக்கு ஆரஞ்சுச் சாறும் சோடாவும் கலந்து, அதே உப்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தேன். இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கம்பாரி இன்னும் முக்கால் போத்தல் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை இதே அளவை, பீப்பாயில் இரண்டு மாதமாவது ஊறிய ரெப்போசாடோ டெக்கீலாவில் கலக்கிப் பார்க்கப் போகிறேன்.