ஆடு தேடி ஓவன்ஸ்பரோவுக்கு

டென்னசிக்குக் குடிவந்த முதல் வருடம், அலுவலகத்தில் வேலை, வானிலை இரண்டையும் தாண்டி யாரும் என்னிடம் அதிகம் பேசியதில்லை. பார்பெக்யூ சாப்பிட நாஷ்வில்லிலிருந்து எந்த ஊருக்குக் காரில் போகலாம் என்று ஒரு நாள் மதிய உணவின்போது கேட்டேன். அவரவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மெம்பிஸில் பிறந்தவருக்கு மெம்பிஸை விட்டால் ஊரே கிடையாது. அலபாமாக்காரர் வெள்ளைச் சாஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வட கரோலினாக்காரரோ, மற்ற இருவரும் சொல்வது பார்பெக்யூவிலேயே சேராது என்று தீர்ப்பு வழங்கினார். அன்றைக்கு இரண்டு மணிக் கூட்டத்துக்கு எல்லோரும் தாமதம்.

இங்கே பார்பெக்யூ என்றால் தணலில் சட்டென்று சுட்டு எடுப்பதல்ல. ஹிக்கரி, ஓக் போன்ற விறகின் புகையிலும் மெல்லிய சூட்டிலும் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட இறைச்சியைக் கிடத்தி வைப்பார்கள். கத்திக்கு மசியாத மலிவான பாகங்கள்கூட விரலால் பிய்க்கும் அளவுக்கு வந்துவிடும். எந்த விலங்கு, எந்தப் பாகம், எந்த விறகு, மேலே ஊற்றுவது என்ன என்பதெல்லாம் அங்கே யார் குடியேறினார்கள், எதை வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. வட கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றி, வினிகர், மிளகாய். அதே மாநிலத்தில் லெக்சிங்டன் பக்கம் போனால் தோள்கறி மட்டும். வினிகரில் கொஞ்சம் தக்காளி சேரும். இந்தத் தக்காளியை வைத்து அவர்கள் போடும் சண்டை தனி. தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகுச் சாஸ். அது ஜெர்மானியர் கொண்டுவந்தது என்பார்கள். டெக்சஸின் நடுப்பகுதியில் மாட்டு நெஞ்சுக்கறி. ஜெர்மன், செக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் போட்டதில் தொடங்கிய வழக்கம் அது.

என் கணவருக்கு டெக்சஸ் மேல்தான் கண். அங்கே லாக்ஹார்ட் என்ற சிற்றூரை மாநிலத்தின் பார்பெக்யூ தலைநகர் என்று சட்டமன்றத்திலேயே தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 1900-இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட் அந்த ஊரில்தான் இருக்கிறது. சாஸும் முள்கரண்டியும் தரமாட்டோம் என்று வெகுகாலம் பிடிவாதம் பிடித்த கடை. உடன்பிறந்தவர்களுக்குள் தகராறு வந்து 1999-இல் கடை இடம் மாறியபோது, பழைய அடுப்பின் தணலைத் தொட்டியில் அள்ளித் தெருவழியே இழுத்துப்போய்ப் புது அடுப்பைப் பற்றவைத்தார்கள். இந்தக் கதையை அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல கதைதான். ஆனால் பதினான்கு மணி நேரம் ஓட்டிப் போனால் முடிவில் இருப்பது மாடு. அத்தை உட்கார்ந்திருக்கும் வண்டியில் அது நடக்கிற காரியமில்லை.

அத்தை விருதுநகரிலிருந்து எங்களோடு சில மாதங்கள் தங்க வந்திருந்தார். மாட்டையும் பன்றியையும் தொடமாட்டார். ஆடு, கோழி, மீன் உண்டு. வெள்ளி, சனி அதுவும் இல்லை. இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்பெக்யூ வரைபடத்தைப் பார்த்தால் அது மளமளவென்று காலியாகிறது. மெம்பிஸ் மூன்று மணி நேரம்தான், ஆனால் அதன் பெருமையே பன்றி விலா எலும்பு. கான்சாஸ் சிட்டியில் எல்லாக் கறியும் கிடைக்கும். ஒரு வழிக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல். இந்தப் பக்கத்தில் பல பார்பெக்யூ கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தைக்குச் சனி ஆகாது, கடைக்கு ஞாயிறு ஆகாது.

அலபாமாவின் டெக்கேட்டர் மட்டும் தாக்குப்பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பிக் பாப் கிப்சன் 1925-இல் தொடங்கிய கடையில், புகையில் வெந்த கோழியை மயோனைஸ், வினிகர், மிளகு கலந்த வெள்ளைச் சாஸில் முக்கி எடுத்துத் தருகிறார்கள். பிள்ளைகள் இருவரும் அதற்கே கை தூக்கினார்கள். “கோழி தின்பதற்கா இத்தனை தூரம்? விறகு மட்டும் வாங்கிக் கொடு, நான் சுட்டுத் தருகிறேன்” என்றார் அத்தை. டெக்கேட்டரும் போனது.

கடைசியில் வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கென்டக்கியில் பிறந்து வளர்ந்தவர். “ஆடுதான் வேண்டும் என்றால் தெற்கே ஏன் பார்க்கிறீர்கள், வடக்கே போங்கள்” என்று ஓவன்ஸ்பரோவைச் சொன்னார். பன்றியும் மாடும் ஆளும் நாட்டில் செம்மறியாட்டுக் கறியைப் பார்பெக்யூ செய்யும் ஊர். 1816-இல் வந்த இறக்குமதி வரியால் உள்நாட்டுக் கம்பளிக்கு விலை ஏறி, அந்தப் பகுதியில் ஆடு வளர்ப்பு பெருகியதாம். கம்பளி கொடுத்து ஓய்ந்த கிழட்டு ஆட்டை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது இந்தச் சமையலாம். இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ருசியைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லும் பெருமைக் கதைகளைவிட வரிக்கணக்கை நம்பலாம்.

ஓர் ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பௌலிங் கிரீன் வரை பெரிய நெடுஞ்சாலை. அங்கிருந்து பிரியும் ஐ-165 நேராக ஓவன்ஸ்பரோவில் கொண்டுபோய் விடுகிறது. ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது ஊர், எதிர்க்கரை இந்தியானா. 1918 முதல் நடக்கும் ஓல்ட் ஹிக்கரி என்ற கடையும் அங்கே உண்டு. நாங்கள் போனது மூன்லைட்டுக்கு, காரணம் அங்கே பஃபே. பெயர் தெரியாத உணவை ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருப்பது அத்தைக்குச் சரிப்படாது. கண்ணால் பார்க்க வேண்டும், முடிந்தால் மோந்தும் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தென்பகுதிச் சமையலில் காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பி எடுத்துவிடாதீர்கள். பீன்ஸிலும் கீரையிலும் பன்றித் துண்டு போட்டு வேகவைப்பது இங்கே சாதாரணம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பொறுமையாகச் சொல்கிறார்கள். பர்கூ என்ற கெட்டியான சூப்பும் அப்படித்தான். ஓவன்ஸ்பரோவில் அதில் ஆட்டுக்கறி, கோழி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சேர்கின்றன. வேறு ஊர்களில் வேறு கறியும் விழும்.

அத்தை முதலில் கறியை விரலால் நசுக்கிப் பார்த்தார். “வெந்தது சரி. ஆடு முற்றல், வாடை இருக்கிறது. காரம் கடவுளுக்கே வெளிச்சம்” என்றார். கறுப்பு டிப் என்று கிண்ணத்தில் தரும் தண்ணீரான சாஸைத் தொட்டு நாக்கில் வைத்ததும் முகம் மாறியது. “இதில் புளி இருக்கிறதம்மா.” நான் இல்லை என்றேன். பிறகு கைப்பேசியில் தேடினால், அந்த டிப்புக்கு அடிப்படையான வொர்ஸ்டர்ஷயர் சாஸில் புளியும் நெத்திலி வகை மீனும் சேர்கின்றன. மேலும் இரண்டு கிண்ணம் டிப் வாங்கிக் கறிமேல் ஊற்றிச் சாப்பிட்டார். பிள்ளைகள் கோழியோடு நிறுத்திக்கொண்டார்கள். என் கணவர், லாக்ஹார்ட்டில் இதைவிட நன்றாக இருக்கும் என்று மாட்டுக்கறி ஒரு தட்டுத் தனியாக எடுத்து வந்து, தாயின் பார்வை படாத மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அத்தையை உண்மையில் கவர்ந்தது பெரியவர் சொல்லி அனுப்பிய இன்னொரு செய்தி. ஓவன்ஸ்பரோ வட்டாரத்தில் கத்தோலிக்கர் அதிகம். கோடையில் பங்குக் கோயில்கள் பிக்னிக் நடத்துகின்றன. நீள அடுப்புகளில் ஊர் ஆண்கள் இரவெல்லாம் கண்விழித்து ஆட்டுக்கறிக்கு டிப் தடவிப் புரட்டுவார்கள், ஊரே வந்து சாப்பிடும், பணம் கோயிலுக்கு. “நம் ஊர் ஆடிக் கிடா வெட்டு மாதிரி என்று சொல்லு” என்றார் அத்தை. மேற்கு கென்டக்கியில் ஃபேன்ஸி ஃபார்ம் என்ற சிற்றூரில் 1880 முதல் நடக்கும் பிக்னிக்கில் ஆட்டுக்கறியோடு அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சும் உண்டு. ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், கூட்டம் கூச்சல் போடும் என்று சொன்னதும் அங்கே கட்டாயம் போயாக வேண்டும் என்று நாள் கேட்டார்.

ஆகஸ்ட் மாதத்தின் முதல் சனிக்கிழமை. இதை அவரிடம் என் கணவரே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.