வியாசர்பாடியில் மரம் வளர்க்க நிதி தேடி அலைந்த ஐந்து வருடம்

2018 அக்டோபரில் எங்கள் மாலை நேர டியூஷன் பிள்ளைகள் 22 பேர் சேர்ந்து நாற்பது செடி நட்டார்கள். செடி வனத்துறை நாற்றங்காலில் வாங்கியது, கடப்பாரை பக்கத்துத் தெரு மேஸ்திரி அண்ணன் கொடுத்தது, செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஜூனில் எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் நின்றது. 2019 எப்படிப்பட்ட வருடம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்: ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கிற அம்மாவிடம் போய், செடிக்கு ஒரு சொம்பு ஊற்றுங்கள் என்று எப்படிக் கேட்பது?

செத்த 31 செடிக்கும் காரணத்தைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள். தண்ணீர் இல்லாமல் 12, ஆடு தின்றது 11, கால்வாய் வேலைக்குத் தோண்டியதில் 5, பைக் நிறுத்தி ஒடிந்தது 3. அந்த நோட்டை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு எங்களுக்கு நிதி வாங்கிக் கொடுத்ததே அதுதான், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை காற்றடிக்கிற திசைக்கு வரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாகப் பல தெருக்களில் ஒன்றுமே வரவில்லை. தகரக் கூரைகளும் சிமெண்ட் ஷீட்டுகளும் சேர்ந்து மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். சுற்றுச்சூழல் பாடத்தைப் புத்தகத்தில் நடத்துவதைவிட, தெருவில் தெர்மாமீட்டரோடு நிற்கவைத்து நடத்தினால் இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அதோடு சேர்ந்து தெருவில் மரம், இந்த இரண்டுக்கும்தான் பணம் தேடினேன்.

முதலில் போன நிறுவனத்தில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "டிரஸ்ட் டீட் இருக்கா மேடம்?" என்றார்கள், அதாவது அறக்கட்டளைப் பத்திரம். எங்களிடம் அப்போது வங்கிக் கணக்குகூட இல்லை. சரி என்று 2019 கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். சொசைட்டியாகவும் பதியலாம், ஆனால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதற்கு ஏழு பேராவது வேண்டும், எங்களிடம் பொறுப்பேற்க முன்வந்தவர்கள் நான்கு பேர். அப்புறம் பான் கார்டு, வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு, வருமான வரித்துறையில் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை). இந்தக் கடைசி இரண்டும் புதிய அமைப்புகளுக்கு முதலில் தற்காலிகமாக மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது அது முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, எது முந்தியோ அதற்குள் முழுப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் தெரிந்தது, சிஎஸ்ஆர் பணம் (நிறுவனங்கள் லாபத்தில் சமூக வேலைக்குச் சட்டப்படி ஒதுக்குவது) வாங்கும் அறக்கட்டளைகள் 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்க வேண்டும், அதுவும் இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும் என்று. நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றிருந்தது. பழைய ரசீது எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன், மண் வாங்கிய துண்டுச்சீட்டு உட்பட. எங்கள் ஆடிட்டர் அதை வைத்துத்தான் முதல் வருடக் கணக்கையே எழுதினார். கையில் நூறு ரூபாய் செலவானாலும் முதல் நாளிலிருந்து ரசீது வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது.

அந்த மூன்று வருட அனுபவம் சேரும்வரை எப்படி ஓட்டினோம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஏற்கெனவே எல்லாப் பதிவும் வைத்திருந்த ஒரு பழைய அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போட்டு, சிறிய தொகைகளை அவர்கள் பெயரில் வாங்கி அவர்கள் கணக்கிலேயே செலவு காட்டினோம். அரசின் நமக்கு நாமே திட்டத்தையும் விசாரித்தோம். 2021-ல் நகரங்களுக்கு மறுபடியும் கொண்டுவந்தார்கள், மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வேலி, பூங்கா மாதிரி வேலைகளுக்கு நல்ல வழி. எங்களுக்கு வகுப்பு நடத்துவதற்கும் சேர்த்துப் பணம் தேவைப்பட்டதால் அதை அப்போதைக்குத் தள்ளிவைத்தோம்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. கனடா குடியுரிமை வாங்கிய ஒரு பழைய மாணவர் ஐம்பதாயிரம் அனுப்புகிறேன் என்றார், ஆடிட்டர் உடனே தடுத்துவிட்டார். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதை வாங்கினால் சட்டமீறல். அதுவே துபாயில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் அண்ணன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பார்க்காதீர்கள், எந்த நாட்டுக் குடிமகன் என்று கேளுங்கள்.

2023-ல் சிஎஸ்ஆர்-1 எண் வந்தது. இனிமேல் சுலபம் என்று நினைத்து ஒன்பது நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஆறு பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்களில் ஒருவர் அடுத்த பிப்ரவரியில் கூப்பிட்டு, "மார்ச் 31-க்குள்ள ஆயிரம் செடி நட்டுடுவீங்களா? போட்டோ வேணும்" என்றார். மனது ஆடிப்போனது, ஏனென்றால் அந்தத் தொகை எங்கள் இரண்டு வருடச் செலவு. ஆனால் மார்ச்சில் நட்டால் ஏப்ரல், மே வெயிலில் என்ன ஆகும் என்று அந்த நோட்டில் இருக்கிறதே. சென்னையில் செடி பிடிக்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோதான் நட வேண்டும். முடியாது சார் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பூராவும் யாரிடமும் பேசாமல் இருந்தேன்.

அதன் பிறகுதான் சிஎஸ்ஆர் விதிகளை உட்கார்ந்து படித்தேன், இதை முதல் வருடமே செய்திருக்க வேண்டும். இரண்டு விஷயங்களை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பணம் முழுவதையும் மார்ச்சுக்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தொடர் திட்டம் என்று நிறுவனத்தின் போர்டு ஒப்புக்கொண்டால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று வருடத்துக்குள் செலவழிக்கலாம். இரண்டாவது, எல்லோரும் சொல்லும் அந்த 5 சதவீதம். "செடிக்கு மட்டும்தான் தருவோம், சம்பளத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தர விதியில் இடமில்லை" என்று மூன்று இடத்தில் கேட்டேன். அந்த வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் நிர்வாகச் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாகச் செயல்படுத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் வராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற தம்பியும் வகுப்பெடுக்கிற தங்கையும்தானே திட்டம், அவர்களுக்குச் சம்பளம் இல்லாமல் எதைச் செயல்படுத்துவது? விண்ணப்பத்தில் 'நிர்வாகம்' என்று ஒரே வரியாகப் போட்டிருந்ததைப் பிரித்து, யார், வாரத்தில் எத்தனை நாள், எந்தத் தெருவில், என்ன வேலை என்று எழுதினேன். செடியின் விலையைத் தனியாகக் காட்டாமல், ஒரு மரத்தை மூன்று வருடம் காப்பாற்ற என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதில் செடியின் விலை மிகச் சிறிய வரி. கூண்டும் தண்ணீரும் ஆளும்தான் மீதி எல்லாம்.

நில அனுமதி தனிக் கதை. பணம் தருபவர் அனுமதிக் கடிதம் கேட்டார், நிலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் பணம் தருபவரின் கடிதம் கேட்டார்கள். நான்கு மாதம் இப்படியே போனது. நிதி கிடைத்தால் இந்த இடங்களில் நடலாம் என்று நிபந்தனையோடு ஒரு கடிதம் வாங்கித்தான் முடிந்தது. மின்கம்பிக்குக் கீழே எந்த மரமும் வேண்டாம், குடிநீர்க் குழாய் போகும் பக்கம் வேண்டாம் என்று அங்கிருந்த பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தது பெரிய உதவி. புங்கன், பூவரசு, மகிழம், சரக்கொன்றை என்று முடிவானது. வீட்டு வாசலில் நிழல் விழுகிற இடம் எது என்பதைப் பாட்டிகள்தான் சொன்னார்கள், முருங்கையும் கறிவேப்பிலையும் வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான், சேர்த்துக்கொண்டோம்.

மார்ச் 2024-ல் வேறொரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் நேரில் வந்தார்கள். நான் பேசத் தயாராகப் போயிருந்தேன், பேச விடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை விரித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தெரு எவ்வளவு, பிழைத்த அந்தப் பூவரசுக்குக் கீழே எவ்வளவு என்று வாசித்துவிட்டு, அப்படியே பக்கத்தைத் திருப்பிச் செத்த 31-ஐயும் காட்டிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தைய விண்ணப்பங்களில் 'நாற்பது மரக்கன்றுகள் நடப்பட்டன' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். வந்தவரில் மூத்தவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்தில் செத்த கணக்கு காட்டினது நீங்கதாம்மா" என்று அவளிடம் சொன்னார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இரண்டு வருடத்துக்கு, தொடர் திட்டமாக, இரண்டு பேருக்கு மாதச் சம்பளத்தோடு.

அந்தப் பணத்தில் கோடையிலேயே கூண்டு, மண், பழைய டிரம்களில் தண்ணீர் சேமிக்கும் ஏற்பாடு எல்லாம் முடித்தோம். 160 செடியை அக்டோபரில் நட்டோம். பணம் வந்த பிறகும் வேலை குறையாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை, இடக்குறிப்போடு படம், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் நேரத்தை ஒதுக்கிவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

2025 ஜூன் கணக்கில் 131 நிற்கிறது. இரண்டு வருடம் முடிந்த பிறகு கேட்க வேண்டிய தொகைக்கான விண்ணப்பத்தை இப்போதே எழுத ஆரம்பித்திருக்கிறோம், அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன், பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்கிறாள். "போன 29-க்கும் காரணம் எழுதணுமாக்கா?" என்று கேட்டாள். முதல் பக்கத்திலேயே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.