மாவுக்கட்டுக்குள் கரைந்த தொடை, காணாமல் போன சீட்டு

கால் உடைந்த கதையை விட்டுவிடுகிறேன். மொரிஷியசில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். டாக்டரும் நல்லவர், எலும்பும் ஒழுங்காகக் கூடிவிட்டது. வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகுதான்.

தொடையிலிருந்து பாதம் வரை இருந்த கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது என் தம்பி மகனின் கால் மாதிரி இருந்தது. கூடவே இருந்த அத்தை ‘முருகா!’ என்று கத்திவிட்டார். டாக்டரோ பிசியோதெரபிக்குக் கோப்பில் எழுதிவிட்டதாகச் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஊன்றுகோலோடு பஸ் ஏறிப் போனால் பிசியோ கவுண்டரில் இருந்தவர், “சீட்டு எங்கே, மிசியே?” என்றார். கோப்பில் இருக்கிறது என்றேன். கோப்பு அவருக்கு வரவில்லையாம். கோப்பறையில் கேட்டால் அனுப்பியாயிற்று என்றார்கள். சீட்டு இல்லாமல் தேதி கிடையாது. சரி என்று திரும்பினேன். மறுபடி போனபோதும் இதே பாட்டு. கடைசியில் மாவுக்கட்டு அறை சிஸ்டர்தான் டாக்டரைப் பிடித்துப் புதுச் சீட்டு வாங்கித் தந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

தேதிக்கு நாம் காத்திருக்கலாம், தசை காத்திருக்காது. பிசியோதெரபி பெண் விளக்கியபோதுதான் கோபம் இரட்டிப்பானது. தசைப் புரதம் தினமும் உடைந்து, தினமும் புதிதாக உருவாகிறது. காலை அசைக்காவிட்டால் முதலில் படுத்துவிடுவது உருவாக்கம்தான். மனிதர்களிடம் இழப்புக்கு முக்கியக் காரணமே அது. உடைக்கும் வேலையும் ஒரு பக்கம் நடக்கிறது. வேண்டாத புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டிக்கொள்ள, செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் அதை நறுக்கிப் போடுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கட்டுப் போட்டு ஆராய்ந்ததில், 5 நாளிலேயே முன்தொடைத் தசை சுமார் 3.5 சதவீதம் சுருங்கியது, பலம் 9 சதவீதம் போனது. 14 நாளில் பலத்தில் ஏறக்குறைய கால்வாசி காலி. சதையைவிட பலம் வேகமாகப் போவதற்கு, நரம்பு தசையை முழுதாக இயக்க மறந்துவிடுவதும் ஒரு காரணமாம்.

அதனால் கட்டுப் போடும் அன்றே கேளுங்கள்: “உள்ளேயே தொடையை இறுக்கலாமா?” டாக்டர் சரி என்றால் முழங்காலைப் படுக்கையில் அழுத்துவதுபோல் தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து விட வேண்டும். கட்டுக்குள்ளேயே செய்யலாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிசியோ சீட்டையும் அன்றே கையில் வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை நம்பாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆளாளுக்கு அறிவுரை. எனக்குக் கட்டு இருந்த நாட்களில்தான் காவடி விரதம் வந்தது. வீட்டில் மீன், முட்டை எதுவும் கிடையாது. பருப்பு, தயிர், பன்னீர் என்று வேளைக்கு வேளை புரதம் பார்த்துச் சாப்பிட்டேன். அது வேண்டியதுதான், ஆனால் அசையாத காலைப் புரதம் மட்டும் காப்பாற்றாது. டப்பா பவுடருக்குப் பணம் கொட்டிய அத்தை மகனுக்கு இதைச் சொன்னால் ஏற்க மாட்டேன் என்கிறான்.

இப்போது முழங்காலுக்கு மேல் ஒரே இடத்தில் டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்து எழுதுகிறேன். வித்தியாசம் குறைகிறது. பஸ் படி ஏறிவிடுகிறேன். இறங்கும்போதுதான் கம்பி வேண்டும். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுகிறார்.