லிங்கிச் செட்டித் தெரு வேலையை ஏஐயிடம் சொல்லி எழுதிய ரெஸ்யூம்

சென்னையில் மண்ணடி, பாரிமுனைப் பக்கம், இறக்குமதிச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து (சுங்கத்துறை) விடுவித்துக் கொடுக்கும் க்ளியரிங் ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களிடம் என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். 'டாகுமென்டேஷன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். செக்லிஸ்ட் போடுவது, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பை ஃபைல் செய்வது, கஸ்டம்ஸ் அதிகாரியிடமிருந்து க்வெரி (சந்தேகக் கேள்வி) வந்தால் பதில் கொடுப்பது, டியூட்டி கட்ட வைப்பது, ஷிப்பிங் லைனில் டெலிவரி ஆர்டர் வாங்குவது, கன்டெய்னர் வெளியே போகிறவரை பார்ட்டியின் (சரக்கை இறக்குமதி செய்கிறவரின்) போனுக்குப் பதில் சொல்வது, இத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். ரெஸ்யூமிலும் அதே ஒரு வார்த்தைதான் இருக்கும்.

நான் 2016-இல் லிங்கிச் செட்டித் தெருவில் அப்படி ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் சேர்ந்தேன். 2021-இல் மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். இப்போது அவள் எல்கேஜி போகிறாள். திரும்பவும் அதே தொழிலுக்குப் போக வேண்டும் என்று ஏஐ துணையோடு ரெஸ்யூம் தயார் செய்தேன். குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி கிளம்புகிற பெண்கள் எங்கள் தண்டையார்பேட்டையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஏஐ செயலியைக் காட்டிக் கொடுத்தது கீழ் போர்ஷனில் இருக்கும் கல்லூரிப் பெண். இறக்குமதி டாகுமென்டேஷனில் ஐந்து வருட அனுபவம், ஒரு ரெஸ்யூம் வேண்டும் என்று அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் வந்துவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதைவிட மோசம், நான் ஐந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்தியதாகவும், க்ளியரன்ஸ் நேரத்தை 30 சதவீதம் குறைத்ததாகவும் அதுவாகவே எழுதியிருந்தது. எங்கள் ஆபீஸில் குழுவும் கிடையாது, அப்படி ஒரு சதவீதத்தை யாரும் கணக்கெடுத்ததும் கிடையாது.

"அக்கா, நீங்க தமிழ்லயே பேசுங்க, அதுக்குப் புரியும்" என்றாள். எனக்கு வேலை நடந்தது அதற்கு அப்புறம்தான்.

ரெஸ்யூம் எழுது என்று கேட்கவில்லை. "நான் பார்த்த வேலையைச் சொல்லப் போகிறேன். இப்போதைக்கு எதுவும் எழுதாதே. புரியாததைக் கேள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டு மைக்கை அழுத்திப் பேச ஆரம்பித்தேன். வீட்டு வேலைக்கு நடுவே, விட்டு விட்டு, பேச்சுத் தமிழிலேயே. பேசியதை எழுத்தாக மாற்றும்போது தொழில் வார்த்தைகள் சிலதைத் தப்பாக எடுத்துக்கொண்டது. அவற்றை மட்டும் கையால் திருத்தினேன். ஆனால் அது கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். எந்த மாதிரி சரக்கு? தாமதமானால் யாருக்கு என்ன நஷ்டம்? க்வெரி என்றால் யார் கேட்பார்கள், பதிலை யார் தயார் செய்வார்கள்? சேர்ந்த வருடத்துக்கும் விட்ட வருடத்துக்கும் நடுவே வேலை எப்படி மாறியது?

அந்தக் கடைசிக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நான் சேர்ந்தபோது க்வெரி என்றால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்குப் போக வேண்டும். அதிகாரியைப் பார்த்து நேரில் விளக்குவோம். 2020 ஜூன் 8-இல் முகமறியா மதிப்பீட்டு முறை வந்தது. நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னையிலும் பெங்களூரிலும்தான், அதுவும் சுங்க வரி அட்டவணையின் 84, 85-ஆம் அத்தியாயங்களில் வரும் இயந்திர, மின்சாதனப் பொருட்களுக்கு. எங்கள் ஆபீஸில் பெரும்பாலும் அந்தச் சரக்குதான். அன்றிலிருந்து பில்லை மதிப்பிடும் அதிகாரி வேறு ஊரிலும் இருக்கலாம், அவர் முகம் தெரியாது. விளக்கம் முழுவதும் எழுத்தில்தான் போக வேண்டும். எழுத்தில் தெளிவில்லை என்றால் மறுபடி க்வெரி வரும், கன்டெய்னர் ஒரு நாள் கூடுதலாக நிற்கும்.

உதாரணமாக ஒன்றைச் சொன்னேன். பேரிங் தனியாக வந்தால் வரி அட்டவணையில் அதன் எண் (எச்எஸ் கோடு) 8482. அதே பேரிங் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் பொருத்தப்பட்டு வந்தால் 8483. இன்வாய்ஸில் வெறுமனே 'பேரிங்' என்று இருக்கும், அதிகாரி சந்தேகம் கேட்பார். கேட்லாக்கில் அந்த மாடலின் படம் இருக்கிற பக்கத்தைத் தேடி எடுத்து, இ-சஞ்சித் என்ற கஸ்டம்ஸின் இணைய ஆவண வசதியில் ஏற்றி, இரண்டு மூன்று வரியில் பதில் எழுதுவது என் வேலை. இதைச் சொல்லி முடித்ததும் ஏஐ எழுதிய வரியின் சாரம் இது: முகமறியா மதிப்பீடு தொடங்கிய நாள் முதல் வகைப்படுத்தல் தொடர்பான க்வெரிகளுக்கு ஆவண ஆதாரத்தோடு எழுத்துப்பூர்வமாகப் பதில் தயாரித்தவர். அளவான ஒரே வரி, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அத்தனை வருடம் செய்த வேலைக்கு ஒரு முகம் கிடைத்த மாதிரி.

தாமதக் கட்டணம் பற்றிய கேள்வியும் ஒரு வரியாக மாறியது. பில் ஆஃப் என்ட்ரியை உரிய நேரத்துக்குள் போடவில்லை என்றால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000. கப்பல் வரும் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்து, பார்ட்டியிடம் ஆவணங்களைத் துரத்தி வாங்கினால்தான் அதைத் தவிர்க்க முடியும். பொதுவாகச் சரக்கு வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் ஃபைல் செய்துவிட வேண்டும் என்று 2021-இல் விதி மாறியதையும் படித்து வைத்துக்கொண்டேன், இன்டர்வியூவில் கேட்பார்கள் என்று.

ஏஐயின் பேச்சைக் கேட்காமல் நான் பிடிவாதமாக நின்ற இடங்களும் உண்டு. நான் எச் கார்டு (கஸ்டம்ஸ் புரோக்கரின் ஊழியர்களுக்கான அடையாள அட்டை) வைத்திருந்தேன் என்ற வரியை, பலருக்குப் புரியாது என்று எடுத்துவிட்டது. கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் முதலில் பார்ப்பதே அதைத்தான். தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு ஜி கார்டு, மற்ற ஊழியர்களுக்கு எச் கார்டு. என் ரெஸ்யூமைப் படிக்கப் போகிறவர் அந்தத் தொழிலில் இருப்பவர், அவருக்குப் புரிந்தால் போதும். வருடத்தோடு அதை மேலே கொண்டுபோய் வைத்தேன்.

இடைவெளி விஷயமும் அப்படித்தான். வருடங்களைப் பின்னால் தள்ளி, திறமைகளை முன்னால் போடும் வடிவம் ஒன்றைச் சிபாரிசு செய்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தை வளர்த்தது மறைக்கிற விஷயமா என்ன? '2021 முதல் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி' என்று நேராகவே எழுதச் சொன்னேன். அப்போது அது ஒன்று கேட்டது: அந்த வருடங்களில் கணக்கு வழக்கு சம்பந்தமாக யாருக்காவது உதவினீர்களா? திருவொற்றியூரில் பெரியப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு மாதாமாதம் டேலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்றி, ஜிஎஸ்டி ரிட்டர்ன்களான ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் தேதிக்குள் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சம்பளம் இல்லாததால் அது அனுபவக் கணக்கில் வரும் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதையும் சேர்த்தேன், உறவினர் கடை என்ற விவரத்தோடு.

அப்புறம் ஒவ்வொரு வேலை விளம்பரத்தையும் கொடுத்து, இதில் கேட்பது என்னிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டச் சொன்னேன். நான் 'எச்எஸ் கோடு பார்ப்பேன்' என்று சொல்வதை விளம்பரம் 'டேரிஃப் கிளாசிஃபிகேஷன்' என்கிறது. வேலை ஒன்றுதான் என்பதால் விளம்பரத்தின் வார்த்தையையே போட்டேன். ஒரு விளம்பரத்தில் எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருள் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதையும் என் திறமைப் பட்டியலில் ஏஐ சேர்த்துவிட்டது. எனக்கு எஸ்ஏபி தெரியாது, அடித்துவிட்டேன். ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்து, 'இதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச முடியுமா' என்று கேட்டுக்கொண்டேன். முடியாத வரி போய்விட்டது.

பார்ட்டிகளின் பெயர், இன்வாய்ஸ் விவரம் எதையும் செயலியில் சொல்லவில்லை. 'வாகன உதிரிபாக இறக்குமதியாளர்' என்று சொன்னால் போதும். என் போன் நம்பர், முகவரியைக்கூடக் கடைசியில் வேர்டு ஃபைலில் நானே தட்டிக்கொண்டேன்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, போட்டோ வைத்து, திறமைக்குக் கலர் பட்டை போட்ட டெம்ப்ளேட்டுகள் வேண்டாம். பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. பக்கம் அப்படி இரண்டாகப் பிரிந்திருந்தால் வரிகள் குழம்பிப் போகலாம். பிடிஎஃபைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் சரி. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த ரெஸ்யூம் வெறும் படம், அதில் காப்பி செய்ய எழுத்தே இருக்காது. அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆனதா, கடைசியில் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சில இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. மண்ணடி மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஆபீஸ் கூப்பிட்டது. மேனேஜர் ரெஸ்யூமில் பேனாவை வைத்தது க்வெரி வரியில்தான். "கடைசியா பதில் எழுதின க்வெரி ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார். பேரிங் ஹவுசிங் கதையைச் சொன்னேன். கேட்லாக் பக்கம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சப்ளையரிடம் டெக்னிக்கல் ரைட்-அப் (பொருளின் தொழில்நுட்ப விளக்கம்) வாங்கி ஏற்றுவோம், அதுவும் இல்லை என்றால் சரக்கைத் திறந்து பார்க்கச் சொல்லி எழுதிக் கேட்போம் என்றேன். பெரியப்பா கடை ஜிஎஸ்டி பற்றியும் கொஞ்சம் பேசினோம். இடைவெளி பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாப்பாவை ஸ்கூலிலிருந்து யார் கூட்டி வருவார்கள்? என் அம்மா என்றேன்.

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, எச் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், போட்டோ கொண்டு வாருங்கள் என்றார்.