வரிசையைக் காப்பது யார்?

பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். காவலர் இல்லை, அபராதமும் இல்லை. ஆனாலும் வரிசை கலைவதில்லை. ஏன்? சமூக ஒழுங்கைப் பற்றிய கோட்பாடுகளை உரசிப் பார்க்க இந்தக் காட்சியே போதும்.

தலைக்கு மேல் அஞ்சத்தக்க அதிகாரம் ஒன்று இல்லாவிட்டால் எல்லோரும் எல்லோரோடும் மோதுவார்கள் என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் (1651). ஒழுங்கு எப்படி நிலைக்கிறது என்பதையே சமூகவியலின் மையக் கேள்வியாக்கிய அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் (1937), பொது விழுமியங்கள்தாம், அதாவது எது சரி எது தவறு என்று எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் எண்ணங்கள்தாம், ஒழுங்கைத் தாங்குகின்றன என்றார். அவருக்கு முன்பே பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் (1893), தண்டனையின் முதல் வேலை குற்றவாளியைத் திருத்துவதல்ல, மற்றவர்களின் பொது மனச்சாட்சியை உறுதிப்படுத்துவதே என்று காட்டியிருந்தார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒழுங்குக்குக் காரணம் விழுமியம். விழுமியம் இருப்பதற்கு ஆதாரம் ஒழுங்கு. செக்கு மாடு போலச் சுற்றிவரும் வாதம் இது. மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. வெளியே வர ஒரே வழி, விதி மீறப்படும் நேரத்தைக் கவனிப்பது.

சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் குழு அதைத்தான் செய்தது (1986). நியூயார்க்கில் 129 வரிசைகள். உதவியாளர் ஒருவர் மூன்றாம் ஆளுக்கும் நான்காம் ஆளுக்கும் நடுவே நுழைவார். யாராவது கண்டித்தாலோ ஒரு நிமிடம் கழிந்தாலோ விலகிவிடுவார். ஒருவர் நுழைந்தபோது 54% வரிசைகளில் எதிர்ப்பு வந்தது. இருவர் நுழைந்தபோது 91%. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் பின்னால் நின்றவர்கள். அதுவரை சுயநலம் என்றே சொல்லிவிடலாம். ஆனால் நுழைந்தவருக்கு நேர் பின்னால் குழுவின் ஆள் ஒருவரைப் பேசாமல் நிற்கவைத்ததும் எதிர்ப்பு 25% ஆனது. இரண்டு பேரை வைத்ததும் 5%. பின்னால் நிற்பவர்களுக்கு இழப்பு அதேதான், விதியும் அதேதான். தட்டிக்கேட்கும் பொறுப்பு யாருடையது என்ற தெளிவு மட்டுமே குறைந்தது. அச்சமோ விழுமியமோ தனியே இதை விளக்காது.

அமெரிக்கச் சமூகவியலாளர் கார்ஃபிங்கல் (1967) இங்கே கைகொடுக்கிறார். ஒழுங்கு சேமிப்பில் கிடக்கும் பொருளல்ல. ஒவ்வொரு கணமும் பார்வையாலும் சொல்லாலும் செய்யப்படுவது. மாணவர்களைத் தம் வீட்டிலேயே பணம் கொடுத்துத் தங்கியிருப்பவர்போல் பணிவாக நடக்கச் சொன்னார். வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள், "உடம்பு சரியில்லையா?" என்று காரணம் தேடினார்கள். மீறலுக்கு ஒரு காரணம் கற்பிப்பதும் பழுதுபார்க்கும் வேலைதான்.

ஒழுங்குக்குப் பின்னால் அதிகாரப் போட்டியைப் பார்க்கும் மோதல் கோட்பாட்டாளரின் கேள்வி வேறு: வரிசையில் நிற்கவே தேவையில்லாதவர் யார்? பக்கவாசல் யாருக்குத் திறக்கிறது? இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் மேலாதிக்கக் கருத்து (hegemony) இங்கேதான் பொருந்துகிறது. நிற்பவர்களே அந்தப் பக்கவாசலை இயல்பு என்று ஏற்றிருப்பார்கள்.

களத்தில் பார்க்கப் போகிறவர்கள் நான்கைக் குறியுங்கள்: முதலில் அசைந்தவர் யார்; எத்தனை விநாடியில்; முறைத்தாரா, கனைத்தாரா, பேசினாரா; அவர் பேசியதும் வேறு யார் சேர்ந்தார்கள். பேசாதவரை "ஏற்றுக்கொண்டவர்" பட்டியலில் எழுதிவிடாதீர்கள். அவர் தன் முறைக்காகக் காத்திருக்கலாம், அல்லது கேட்கவேண்டியது அடுத்தவர் என்று நினைத்திருக்கலாம். அதைத் தனியே விசாரித்துத்தான் எழுத முடியும்.