ஸ்பியன்காப் குன்றும் நாலு டோலிக்காரர்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாதம் வெட்டவெளியில் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. கடலோர ஊர், மழைக்காலம் வேறு, காற்றில் அவ்வளவு ஈரம். கோவையில் ஆறு வாரம் உட்கார்ந்து பெயின்ட் அடித்த பொம்மைகளுக்குக் கடைசிப் பூச்சை மட்டும் இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். ஸ்ப்ரே டப்பாவை விமானத்தில் கொண்டுவர முடியாதே. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நண்பர் வீட்டுப் பின்கட்டில் சாயங்காலம் அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் பன்னிரண்டு பேர் மேலும் பனி படர்ந்த மாதிரி வெள்ளைப் படலம். ஒருவர் முகமும் தெரியவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நண்பர் பதறவில்லை. "அண்ணே, இந்த ஊர்ல இது எல்லாருக்கும் நடக்கும். விடுங்க, நான் பார்த்துக்குறேன்" என்று பளபளப்பு வார்னிஷ் பாட்டிலை எடுத்தார். பிரஷ் நுனியில் தொட்டு ஒரு பொம்மையின் முதுகில் மெல்ல இழுத்தார். ஈரம் பட்ட வழியெல்லாம் வெள்ளை மறைந்து காக்கி நிறம் மேலே வந்தது. பெயின்ட் கெடவில்லை. மேல்பூச்சு சொரசொரப்பாகக் காய்ந்து வெளிச்சத்தைச் சிதறடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நுண்ணிய பள்ளங்களை இன்னொரு வார்னிஷ் நிரப்பினால் அடியிலிருக்கும் நிறம் திரும்பிவிடும். பிறகு பளபளப்பை அடக்க மேட் வார்னிஷை பிரஷாலேயே ஒரு கை பூசினோம். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள்.

இந்தப் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்று சென்டிமீட்டர் உயர உலோக, பிளாஸ்டிக் வீரர்களை வாங்கி, ஒட்டி, ப்ரைமர் அடித்து, சட்டைப் பொத்தான் வரை வண்ணம் தீட்டி, மேசைமேல் குன்றும் ஆறும் அமைத்து, அங்குல டேப்பும் பகடையும் வைத்துப் போர் விளையாடுவது. நகர்வும் துப்பாக்கி எட்டும் தூரமும் அங்குலக் கணக்கு. சுட்டது பட்டதா என்பது பகடையின் கையில். 1824-ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க வரைபடத்தின்மேல் விளையாடவைத்த போர்விளையாட்டு இதற்கெல்லாம் முன்னோடி. நண்பர் வீட்டு கராஜில் ஆறடிக்கு நாலடி மேசை. அதன் ஒரு மூலையில் அவர் பையன்கள் இருவரின் வார்ஹாமர் 40,000 என்ற விண்வெளிப் போர் விளையாட்டுப் படை, மிச்ச இடமெல்லாம் எங்களுக்கு.

நான் எட்டு வருஷமாக இதில் இருக்கிறேன். நெப்போலியன் காலம், ஜூலுப் போர், கடைசியாக, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரான போயர்களோடு ஆங்கிலேயர் நடத்திய போயர் போர். அதைப் பற்றிப் படிக்கும்போதுதான், ஆங்கிலேயர் தரப்பில் அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்ல காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படைக்கு வந்து சேர்ந்தேன். சுமார் 1,100 பேர். அதில் ஏறக்குறைய 300 பேர் ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இருந்தவர்கள். மீதி எல்லாரும் ஒப்பந்தக் கூலிகள், தோட்டத்திலிருந்து மேற்பார்வையாளரோடு அனுப்பப்பட்டவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து, அந்த ஊர் இருக்கும் நேட்டாலின் கரும்புக்காட்டில் தமிழும் தெலுங்கும்தான் அதிகம் கேட்டது. ஆகவே ஸ்ட்ரெச்சர் தூக்கிய தோள்களில் எத்தனை நம்மவர்களுடையவை என்று சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் விளையாட்டில் பகடை விழுந்து ஒரு வீரன் அடிபட்டால், அவனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவோம். அடுத்த ஆளின் முறை. அடிபட்டவன் எங்கே போகிறான், யார் எடுத்துப் போகிறார்கள் என்று நான் பார்த்த எந்த விதிப்புத்தகமும் கேட்டதில்லை. எட்டு வருஷம் நானும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் என் ஊர்க்காரர்கள் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அதனால் அவர்களை நானே செய்தேன். பழைய உலோக வீரர்களின் துப்பாக்கியை வெட்டி எடுத்து, கையைச் சூடு காட்டாமல் மெல்ல வளைத்து, மஞ்சளும் நீலமுமாக வரும் எபாக்ஸி புட்டியைப் பச்சையாகப் பிசைந்து தலைத்துண்டு கட்டினேன். ஸ்ட்ரெச்சர் கம்புக்கு பித்தளைக் கம்பி, படுதாவுக்கு பசை தடவிய டிஷ்யூ காகிதம். 1899-ல் எடுத்த புகைப்படத்தில் காந்தியும் மற்ற தலைவர்களும் அகல விளிம்புத் தொப்பியும் கையில் செஞ்சிலுவைப் பட்டையுமாக இருக்கிறார்கள். தலைவர்கள் எட்டுப் பேருக்கு அப்படியே செய்தேன். தூக்குகிற நாலு பேருக்குப் பட்டை உண்டு, தொப்பி இல்லை, தலைத்துண்டுதான். கரும்புக்காட்டிலிருந்து வந்தவனை என் மனசு அப்படித்தான் பார்க்கிறது.

ரொம்ப நேரம் எடுத்தது தோல் நிறம். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் முக்கால்வாசி வெள்ளைத் தோலுக்கானவை. அடர்ந்த நிறத்தின்மேல் வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலந்தால் முகம் சாம்பல் பூத்துப்போகும், உயிரே இருக்காது. நாலு தடவை பெயின்ட் சுரண்டி மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் கைகொடுத்தது, கரும்பழுப்பில் துளி சிவப்பு அடிநிறம், மடிப்புகளில் நீர்த்த கருநீலம், மேட்டில் ஆரஞ்சு கலந்த பழுப்பு, மூக்கு நுனியிலும் கன்னத்திலும் மட்டும் ஒரு புள்ளி மணல் நிறம். மேசை விளக்கடியில் என் முன்கையை நீட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கலந்தேன்.

அந்த ஆம்புலன்ஸ் படை ஆள் தூக்கிய போர்க்களமான ஸ்பியன்காப் குன்றுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம். நண்பர், நான், நண்பரின் அப்பா. பெரியவருக்கு எண்பத்தி இரண்டு. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும்தான். நண்பருக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வரும். பெரியவர் பேசும் தமிழ் என் பாட்டி பேசியது போல இருந்தது. நான் அவரை "ஐயா" என்றேன், அவர் என்னை "தம்பி" என்றார். தாத்தாவின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர். கப்பல் பதிவேட்டில் அவருக்குக் கொடுத்த நம்பரைப் பெரியவர் மனப்பாடமாகச் சொல்வார், வீட்டு முகவரி சொல்வதுபோல. நண்பரின் மனைவி ரொட்டியில் உருளைக்கிழங்கு கறி வைத்துச் சுருட்டி, அவித்த முட்டையும் ஃப்ளாஸ்க்கில் டீயும் கொடுத்துவிட்டார். முந்தின நாள் சாப்பிட்ட பன்னி சோவின் காரம் இன்னும் நாக்கில் இருந்தது. குடைந்த ரொட்டிக்குள் மட்டன் குழம்பு ஊற்றித் தருவது, டர்பன் போனால் விடாதீர்கள்.

என்-3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டினோம். 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். மழைக்குப் பிந்தைய பச்சை இருபுறமும். கொலென்சோவில் சற்று நின்றோம். 1899 டிசம்பர் 15-ஆம் தேதி இங்கேதான் துகேலா ஆற்றைக் கடக்க முயன்று ஆங்கிலேயர் தோற்றார்கள். ஆம்புலன்ஸ் படைக்கு இதுதான் முதல் வேலை. தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகன் இங்கே அடிபட்டான். அவனைத் தூக்கிப்போனதும் நம் ஆட்கள்தான் என்று காந்தி எழுதியிருக்கிறார்.

குன்றின் உச்சிக்குப் பக்கம் வரை கார் போகிறது, அதனால்தான் பெரியவரும் வர முடிந்தது. ஸ்பியன்காப் என்றால் வேவு பார்க்கும் குன்று. பெயருக்கு ஏற்ற இடம். மேற்கே டிராக்கன்ஸ்பர்க் மலை நீலமாக, கீழே துகேலாவைத் தடுத்துக் கட்டிய அணையின் நீர் விரிந்து கிடக்கிறது. காற்று புல்லைப் படுக்கவைத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

1900 ஜனவரி 23 இரவு, போயர்களின் முற்றுகையில் கிடந்த லேடிஸ்மித் ஊரை மீட்கும் முயற்சியில் ஆங்கிலேயர் இருட்டிலும் மூடுபனியிலும் ஏறி இந்த உச்சியைப் பிடித்தார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள். பாறை நிலம், கையில் இருந்தது இருபது பிக்காசும் இருபது மண்வெட்டியும், மணல்மூட்டையைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். குழி நாற்பது சென்டிமீட்டர்தான் இறங்கியது. காலையில் பனி விலகியபோதுதான் தெரிந்தது, அவர்கள் நின்றது உச்சியின் விளிம்பே இல்லை. விளிம்பு இன்னும் முன்னால் இருந்தது. பக்கத்து மேடுகளிலிருந்து போயர்கள் பக்கவாட்டில் சுட்டார்கள். புகையில்லா வெடிமருந்து, குண்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. குன்றின்மேல் செத்த ஆங்கிலேயர் 243 பேர். அந்தப் பதுங்குகுழியே அவர்களுக்குச் சவக்குழி ஆயிற்று. வெள்ளையடித்த கற்கள் அடுக்கிய நீண்ட கோடாக இன்றும் புல்லுக்கு நடுவே கிடக்கிறது.

நாற்பது சென்டிமீட்டரை எங்கள் பொம்மை அளவுக்குச் சுருக்கினால் ஏழு மில்லிமீட்டர். தெர்மாகோல் குன்றில் அதை வெட்டியவன் நான்தான். ஸ்கேல் வைத்து ஏழு மில்லிமீட்டர் கோடு போட்டபோது, வெட்டிவிட்டு வீரர்களை உள்ளே நிறுத்தியபோது, ஒரு பொம்மைக்கும் முழங்கால்கூட மறையவில்லை. தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடி அளந்தேன். வெள்ளைக் கற்களின் பக்கத்தில் நின்றபோது அந்த ஏழு மில்லிமீட்டர்தான் ஞாபகம் வந்தது.

காந்தியோடு பேசிய ஒப்பந்தப்படி ஆம்புலன்ஸ் படை குண்டு விழும் எல்லைக்குள் வர வேண்டியதில்லை. ஸ்பியன்காப்பில் ஆங்கிலேயத் தளபதி புல்லர், வந்தால் அரசு நன்றியோடு இருக்கும் என்று சொல்லியனுப்பினார். போனார்கள். இந்தக் குன்றின்மேல் படுகாயம்பட்ட தளபதி வுட்கேட்டையும் அவர்கள் சுமந்தார்கள். சில நாட்களில் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல், ஆளைத் தோளில் வைத்துக்கொண்டு. போர் முடிந்ததும் தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. தூக்கியவர்கள் கரும்புக்காட்டுக்குத் திரும்பினார்கள். இதை எங்கே படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. காந்தியின் அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் இல்லாத எண்ணூறு பேரைத்தான் தேடுகிறேன்.

பெட்டியைத் திறந்தேன். அடியில் காந்தம் ஒட்டிய பொம்மைகள், இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் வந்திருந்தன. டோலி தூக்கும் நாலு பேரை மட்டும் எடுத்து, கல்லறைக்குத் தள்ளி ஆங்கிலேயர் ஏறிவந்த சரிவைப் பார்த்த ஒரு பாறைமேல் வைத்தேன். பெரியவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இவன் நம்ம ஆளு மாதிரி இருக்கான், தம்பி."

"நம்ம ஆளுதான் ஐயா."

"ஆஸ்பத்திரி எங்கே இருந்துச்சு?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம், தெற்கே கையைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திசையிலேயே வெகுநேரம் நின்றார். நாங்கள் டீயை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

இரண்டு நாள் கழித்து கராஜில் விளையாடினோம். நண்பர் ஆங்கிலேயர், நான் போயர். முதல் மூன்று சுற்றுக்கு மேசை முழுக்கப் பஞ்சு பரப்பி மூடுபனி. நாலாவது சுற்றில் பஞ்சை எடுத்ததும் நண்பர் "ஐயோ" என்றார். விஷயம் தெரிந்தவர்தான், ஆனாலும் தன் ஆட்கள் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த முறை விதியை மாற்றி எழுதியிருந்தேன். அடிபட்டவன் பெட்டிக்குப் போவதில்லை, விழுந்த இடத்திலேயே படுக்க வேண்டும். பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் இறந்தான். மூன்றோ அதற்கு மேலோ என்றால் காயம். டோலிக்காரர்கள் வெறும் டோலியோடு எட்டு அங்குலம் போகலாம், ஆள் இருந்தால் நாலுதான். மேசை ஓரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நண்பருக்கு மதிப்பெண்.

அந்த ஒரு விதி ஆட்டத்தையே வேறாக்கிவிட்டது. மேசையில் படுத்துக்கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் பகடை உருட்டுவது லேசாக இல்லை. குன்றைப் பிடிப்பதை நண்பர் ஆறாவது சுற்றிலேயே விட்டுவிட்டார். அதன்பின் டோலிக்கு வழி ஒதுக்குவதுதான் அவர் கவலை. பையன்கள் தங்கள் விண்வெளி வீரர்களை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

பத்தாவது சுற்றோடு ஆட்டம் முடிய வேண்டும். இரண்டு பேரைச் சேர்த்தாயிற்று. மூன்றாமவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு நாலு அங்குலம் இருக்கும்போது சுற்று முடிந்தது. நான் டேப்பைச் சுருட்டினேன். நண்பர் மதிப்பெண்ணைக் கூட்ட ஆரம்பித்தார்.

"என்ன, நிறுத்திட்டீங்க?" என்றார் பெரியவர்.

"பத்து சுற்றுதான் ஐயா. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சா? ஆளை நடுவழியில போட்டுட்டா வருவாங்க?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் டேப்பை மறுபடி இழுத்து நாலு அங்குலம் காட்டினேன். பெரியவரே எழுந்து வந்து, ஸ்ட்ரெச்சரையும் நாலு பேரையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக நகர்த்தி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் வைத்தார்.